கிணறு வெட்டிய இடத்தில் பழஞ்செங்கல்

கேள்வி: ஐயா, திருகோணமலை அன்புவழிபுரத்தில் அப்பாவின் பெயரில் ஒரு ஏக்கர் உறுதிக்காணி இருக்கிறது. விருந்தினர் விடுதி கட்ட யோசிக்கிறோம். கிணறு வெட்டும்போது அகலமான செங்கல் துண்டுகளும் பானை ஓடுகளும் வந்தன. தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிந்தால் காணி போய்விடும், பேசாமல் மூடு என்கிறார்கள் அயலவர்கள். என்ன செய்யலாம்?

பதில்: மூடிவிடாதீர்கள். பெக்கோவையும் இப்போதைக்கு இறக்க வேண்டாம்.

அயலவர்களின் பயம் காரணமில்லாதது அல்ல. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, முதல் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. கன்னியாவில் பிள்ளையார் கோயில் பிணக்கு நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறேன்.

1998இன் 24ஆம் இலக்கத் தொல்பொருட்கள் திருத்தச் சட்டமும் 2000ஆம் ஆண்டுத் திட்ட ஒழுங்கும் கால் ஹெக்டயருக்கு (ஏறக்குறைய 99 பேர்ச்) மேற்பட்ட அபிவிருத்திக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு கேட்கின்றன. உங்கள் காணி 160 பேர்ச். செலவு கட்டுபவருடையது. முதலில் திணைக்களத்தார் வந்து பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் தருவார்கள். தடயம் இருந்தால் சோதனைக் குழி. மண்ணைக் கரண்டியால் மெல்லச் சுரண்டி, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, எந்த ஓடு எந்தப் படையில் கிடந்தது என்று குறிப்பார்கள். உள்ளே கறுப்பும் வெளியே கீழ்ப்பகுதி சிவப்புமான ஓடென்றால் பெருங்கற்காலம் வரை போகலாம். சீனப் பீங்கான் கடல்வணிகத்தைச் சொல்லும். கிணற்றிலிருந்து அள்ளி வரம்பில் குவித்த ஓட்டுக்கு அந்தப் பேச்சு இல்லை.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் மண் அள்ளிக் கொண்டுபோன பிறகுதான் பெருங்கற்காலப் புதைகுழிகள் தெரிய வந்தன. யாழ் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையை எடுத்தார்கள். அள்ளிய மண்ணோடு என்னென்ன போயிற்றோ!

உங்கள் மாவட்டத்து வெல்கம் விகாரையையே பாருங்கள். சோழர் காலத் தமிழ்ச் சாசனங்கள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. தமிழர் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுக்களும் கொடுத்த செய்தி கல்லில் கிடைத்துப் பதிவானதால் இன்று எவரும் அதை மறுக்க முடியாது. மூடிய குழிக்கு அந்தப் பலம் வராது. நாளைக்கு யாரும் வந்து எதையும் சொல்லலாம்.

மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது என்பது சட்டம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று பிரகடனம் செய்தால் கட்டுவதற்குக் கட்டுப்பாடு வரும். அதனால் மட்டும் உறுதி உங்கள் கையைவிட்டுப் போகாது. பெரும்பாலும் கட்டடத்தின் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே போதும்.

ஓடுகளை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கழுவ வேண்டாம். நீங்களாக மேலும் தோண்டாதீர்கள். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குச் சொந்தக் காணியிலும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் திணைக்களத்துக்கும் தமிழில் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். எல்லைக்கல் நட வந்தால், உறுதியோடு ஒரு சட்டத்தரணியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.