எடுப்புக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: சம்பா அறுப்புக்குப் பிறகு, போர்வெல் தண்ணீரை நம்பி ஒன்றரை ஏக்கரில் பருத்தி போடலாம் என்று நினைக்கிறேன். கோ 17 புது ரகம், நல்ல ரகம் என்கிறார்கள். புது ரகத்தை எப்படிச் சோதித்து வெளியிடுகிறார்கள்? நம்பி இறங்கலாமா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: கோ 17, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ரகம். எந்த ரகமும் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். மறுநாள் மலரப்போகும் மொட்டில் மாலையே இதழ்களையும் மகரந்தப் பைகளையும் நகத்தால் கிள்ளிவிட்டு, சூல்முடியை மூடி வைப்பார்கள். காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தை அதில் தடவுவார்கள். அந்த விதையை விதைத்து, தலைமுறைக்குத் தலைமுறை நல்ல செடிகளை மட்டும் பொறுக்குவார்கள்.

குணம் நிலைத்ததும் ஆராய்ச்சி நிலையத்தில், பிறகு பல ஊர்களில், கடைசியாக விவசாயிகள் வயலில் சோதனை நடக்கும். எங்கும் பழகிய ரகம் ஒன்றைப் பக்கத்திலேயே போட்டு ஒப்பிடுவார்கள். மகசூலோடு அரவைத் திறன், இழை நீளம், வலிமை, பூச்சி, நோய் தாங்கும் தன்மை எல்லாம் பார்க்கப்படும்.

ஆனால் உங்கள் ஊர்க் கூலி நிலவரம் அந்தச் சோதனையில் வராது. சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு ஆள் போய்விடும் ஊரில், எத்தனை முறை பருத்தி எடுக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. கோ 17 பக்கக் கிளை பரப்பாமல் அடக்கமாக வளரும். காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடிக்கும். எடுப்பு குறையும் என்பதே இதன் பலம். 100×10 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நடுவதால் ஏக்கருக்கு 40,000 செடி. விதை கூடுதலாக வேண்டும். இது பி.டி. ரகம் அல்ல, காய்ப்புழுவைக் கவனிக்க இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். வீரிய ஒட்டும் அல்ல. கலப்பில்லாமல் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கடலோரப் பகுதி என்பதால், போர்வெல் தண்ணீரின் உப்பை முதலில் பரிசோதியுங்கள். பட்டம், மண் பற்றித் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். பருத்தியை எங்கே விற்பது என்பதையும் விதைக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

முதல் ஆண்டு அரை ஏக்கர் போதும். 25 சென்டில் கோ 17, பக்கத்து 25 சென்டில் மற்றவர்கள் போடும் ரகம். இரண்டையும் ஒரே நாளில் விதையுங்கள். உரமும் தண்ணீரும் ஒன்றுபோல இருக்கட்டும். ஓர வரிசைகளை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு எடுப்பிலும் கிலோவையும் கூலியையும் தனித்தனியே எழுதுங்கள். எடையில் சற்றுப் பின்தங்கினாலும், செலவு போகக் கையில் அதிகம் நிற்கும் ரகமே உங்களுக்கு ஏற்றது.