முதலீட்டாளரின் நம்பிக்கை: 1907ஆம் ஆண்டுப் பங்கு வெளியீடு தரும் பாடம்

புதிய தொழிலுக்கு மூலதனம் கேட்டுவருபவரிடம் முதலீட்டாளர் முதலில் எடைபோடுவது இலாபக் கணக்கை அன்று, கணக்கைக் காட்டுபவரையே. டாட்டா இரும்பு எஃகு நிறுவனத்தின் தொடக்க வரலாறு இதனை நன்கு விளக்கும்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா 1904இல் மறைந்தபின் அவர் மைந்தர் தொராப்ஜி இலண்டனில் மூலதனம் திரட்ட முயன்றார். பணச்சந்தை அப்போது நெருக்கடியில் இருந்தது; நிர்வாகம் யார் கையில் இருப்பது என்பதிலும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே 1907 ஆகஸ்டில் பம்பாயில் பங்குகள் வெளியிடப்பட்டன. மூன்றே வாரங்களில் ஏறத்தாழ 8,000 இந்தியர்கள் தேவையான முதல் முழுவதையும், அதாவது 16 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகையை, அளித்தனர்.

சுதேசி உணர்ச்சியே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். உணர்ச்சி மக்களைப் பங்கு விற்கும் இடத்திற்கு அழைத்துவரும். பணப்பையைத் திறக்கச் செய்வதற்கு வேறு சான்றுகள் வேண்டும். அச்சான்றுகள் முன்னரே திரட்டப்பட்டிருந்தன. அமெரிக்கப் பொறியியல் வல்லுநர் பெரின், நிலவியலாளர் வெல்ட் ஆகியோர் ஆய்வு நடத்தினர். சாந்தா மாவட்டம் ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டது. தல்லி-ராஜஹரா மலையில் உயர்ந்த தாது கிடைத்தும், நிலக்கரியும் நீரும் அருகில் இல்லாமையால் அதுவும் விடப்பட்டது. பி. என். போஸ் 1904இல் எழுதிய கடிதத்தின்பேரில் மயூர்பஞ்ச் தாது ஆராயப்பட்ட பின்னரே திட்டம் உறுதியாயிற்று. ஏற்ற இடத்தைக் காட்டும் அறிக்கையைவிட, ஏற்காத இடங்களைத் துணிந்து ஒதுக்கிய அறிக்கை கூடுதல் மதிப்புடையது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

விற்பனைக்கும் வழி வகுக்கப்பட்டது. குறித்த தரத்தில் அமைந்தால், பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 20,000 டன் தண்டவாளங்களை வாங்க அரசு இசைந்தது. நாகபுரியில் 1877இல் தொடங்கப்பட்ட எம்ப்ரஸ் ஆலையின் வெற்றியோ, டாட்டா குடும்பத்தின் திறமைக்குக் கண்கண்ட சான்றாக நின்றது.

பங்கு விற்றவுடன் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. நடைமுறை மூலதனத்திற்கான 4 இலட்சம் பவுன் கடன்பத்திரங்கள் முழுவதையும் குவாலியர் மன்னர் ஏற்றார். முதல் எஃகு 1912இல்தான் வார்க்கப்பட்டது. பங்குதாரர் நான்காண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். முதல் உலகப் போருக்குப்பின் விலைகள் வீழ்ந்து, 1924இல் தொழிலாளர் ஊதியத்திற்கே பணம் போதாத நிலை நேர்ந்தபோது, தொராப்ஜி தம் சொந்தச் சொத்துக்களையும் மனைவியின் நகைகளையும் ஈடு வைத்து வங்கிக் கடன் பெற்றார்.