சாம்பலில் கிடந்தவளும் கல்லாய்ச் சமைந்தவளும்

படைப்பிலக்கிய வகுப்பை எடுத்த முதல் ஆண்டு, "புராணக் கதை ஒன்றை உங்கள் பார்வையில் எழுதி வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது என் தவறு. கர்ணன் குந்தியைத் திட்டினான். சீதை ராமனைத் திட்டினாள். பாஞ்சாலி சபை முழுவதையும் திட்டினாள். கோபம் நியாயமானதுதான். ஆனால் எல்லோரும் பட்டிமன்ற மேடையில் நின்று பேசினார்கள். ஒருவருக்கும் தாகம் எடுக்கவில்லை, கால் வலிக்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தொலைக்காட்சித் தொடரில் பார்த்த ஒரே வடிவம்தான் கதை என்று நம்பியிருந்தார்கள். ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு ஆமாம் போடலாம், அல்லது எதிர்க்கலாம். மூன்றாவது வழி கண்ணில் படாது.

மறு ஆண்டு, எழுதச் சொல்வதற்கு முன் இரண்டு வாரம் அகலிகையோடு மட்டும் உட்கார்ந்தோம். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில் கல்லாகிறாள். அவனுக்கும் முந்திய பரிபாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் வருகிறது. அங்கே படம் பார்க்க வந்தவர்கள், கல்லான அகலிகையைச் சுட்டிக்காட்டி ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொள்கிறார்கள். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சாபம் நீங்கிய பிறகு அவள் வாழ்ந்த வாழ்க்கையைத் தொடர்கிறது. சீதை தீக்குளித்த செய்தியைச் சீதை வாயாலேயே கேட்டதும் மறுபடி கல்லாகிறாள்.

"அப்போ எதுதான் ஐயா நெஜக் கதை?" என்று கேட்டாள் ஒரு மாணவி. "உங்க பாட்டி எப்படிச் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாம்மா" என்றேன். அன்றிலிருந்து அதுவே முதல் பயிற்சி ஆகிவிட்டது. வீட்டில் சொல்வதைச் சொன்ன பேச்சிலேயே, ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி வர வேண்டும். மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"சாமி குத்தம் ஆயிடாதா ஐயா?" என்ற கேள்வி ஆண்டுதோறும் வரும். அந்தப் பயம் உண்மையானது. ஆசிரியர் அதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. நான் அரவானைச் சொல்வேன். வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிறான். போருக்கு முன் அவனைப் பலி கொடுக்கும் களப்பலி அங்கே கிடையாது. அது தமிழில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் வருகிறது. இன்று கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் அரவானாகிய கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். மாற்றிச் சொன்ன கதைக்குத்தான் அங்கே தேர் ஓடுகிறது. இதைக் கேட்ட பிறகும் தயங்கும் பிள்ளையை நான் வற்புறுத்துவதில்லை. தெய்வத்தைத் தொடாமல் படகோட்டியையோ பணிப்பெண்ணையோ எழுதட்டும். மதிப்பெண் குறையாது.

எழுதும்போது கட்டுப்பாடுகள் சில உண்டு. கதையில் ஒன்றை மட்டும் மாற்றலாம். நாரதர் கையில் செல்போன் கொடுக்கக் கூடாது. அந்த வேடிக்கை ஒரு பக்கத்தோடு தீர்ந்துவிடும். முதல் வரைவில் யாரும் ஒரு வரிக்கு மேல் பேசக் கூடாது. இதுதான் மிகவும் பலன் தந்தது. பேச்சை நிறுத்தினால் பாத்திரத்தின் கைக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும்.

திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊரிலிருந்து வந்த ஒரு மாணவியின் முதல் வரைவு முழுக்கப் பாஞ்சாலி சபதம். "படுகளத்துக்கு உங்க ஊர்ல துரியோதனனை யாரும்மா செய்வாங்க?" என்று கேட்டேன். "எங்க மாமாதான் ஐயா. மண்ணுல, படுத்த மாதிரி" என்றாள். "அவரை எழுதேன்."

எழுதி வந்தாள். படுகளத்துக்கு முதல் நாள் இரவு. அரிக்கேன் வெளிச்சத்தில் மாமா துரியோதனனுக்குத் தொடை பிடிக்கிறார். நாளை பீமன் அடிக்கப்போகும் இடம் அது. நெஞ்சையும் தோளையும் ஏனோதானோவென்று விட்டவர், தொடையை மட்டும் தண்ணீர் தொட்டுத் தொட்டு வழவழப்பாக்குகிறார். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். கதை முடிந்துவிட்டது.

பாஞ்சாலி கூந்தல் முடிவதை ஒரு பத்தி சேர்க்கலாமே என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"மாமாதான் வீட்டுக்குப் போயிட்டாரே ஐயா. அதை அவரு என்னைக்குமே நின்னு பாக்க மாட்டாரு."