மனக்கண்ணால் கற்போம்

பத்தாம் வகுப்பு மாணவி

படிப்பு என்றவுடன் காதும் வாயும் கையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆசிரியை சொல்வதைக் காதால் கேட்கிறோம், வாய்விட்டுப் படிக்கிறோம், கையால் எழுதிப் பார்க்கிறோம். ஆயினும் இவற்றிற்கு அப்பால் இன்னொன்றும் நமக்கு உதவுகிறது. "புளியங்காய்" என்ற சொல்லைக் கேட்டதும் நாவில் நீர் ஊறுகிறதல்லவா? அந்த எழுத்துகளில் புளிப்பு இல்லை. நம் உள்ளத்தில் எழுந்த காட்சியில்தான் புளிப்பு இருக்கிறது. அக்காட்சியைக் காண்பதையே மனக்கண் என்கிறோம். கற்பதிலும் கற்பிப்பதிலும் அது ஆற்றும் பணியை இக்கட்டுரையில் காண்போம்.

பழங்காலத்தில்

கி.மு. 500 அளவில் கிரேக்க நாட்டில் சிமோனிடீஸ் என்னும் கவிஞர் வாழ்ந்தார். அவர் ஒரு விருந்திலிருந்து வெளியே அழைக்கப்பட்ட வேளையில் மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்ததாம். இறந்தவர்களை உறவினராலும் அடையாளம் காண முடியவில்லை. சிமோனிடீஸோ, யார் எந்த இடத்தில் அமர்ந்திருந்தார் என்பதை மனக்கண்ணில் கண்டு ஒவ்வொருவரையும் சுட்டிக் காட்டினாராம். உரோமைப் பேச்சாளர் சிசரோ கி.மு. 55-இல் எழுதிய நூலில் இதைக் கூறுகிறார். நினைவில் வைக்க வேண்டியவற்றைத் தெரிந்த இடத்தில் வரிசையாக வைத்துவிட்டால், அவ்வழியே நடந்து அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது இதன் பாடம்.

இதை நம் வரலாற்றுப் பாடத்தில் செய்து பார்ப்போமா? முதல் உலகப்போரின் காரணங்களை நம் பள்ளியிலேயே வைப்போம். வாயிற்கதவருகே இரண்டு கூட்டணிகள் கைகோத்து எதிரெதிரே நிற்கின்றன. வேப்பமரத்தடியில் பீரங்கிகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். நடைபாதையில் வல்லரசுகள் உலகப்படத்தை ஆப்பத்தைப் பிட்பதுபோல் பிட்டுக்கொண்டிருக்கின்றன. படிக்கட்டருகே 1914-ஆம் ஆண்டு சாரயேவோ நகரின் துப்பாக்கி ஓசை கேட்கிறது. இனிப் பள்ளிக்குள் நுழையும்போதெல்லாம் பாடமும் நம்முடன் நடந்து வரும்.

திருச்சபை காட்டிய வழி

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்னும் ஊரில் கிறிஸ்து பிறப்பு விழாவிற்காகத் தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவரச் செய்தார். பாலன் இயேசு பிறந்த எளிமையை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் ஆவல்.

புனித இஞ்ஞாசியார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1548-இல் அச்சான அவருடைய "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில், இயேசுவின் பிறப்பைத் தியானிக்குமுன் நாசரேத்திலிருந்து பெத்லகேமிற்குச் செல்லும் பாதையை மனத்தால் காணும்படி சொல்கிறார். அதன் நீளம் எவ்வளவு? சமவெளியா, மேடுபள்ளமா? குகை எவ்வளவு தாழ்வானது? இவற்றிற்கு அவர் விடை தரவில்லை. தியானிப்பவரே காட்சியை அமைத்துக்கொள்ள வேண்டும். நல்லாசிரியரின் இலக்கணம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாடநூலில் படம்

மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658-இல் நியூரம்பர்க் நகரில் சிறுவர்க்கான படப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் படத்தின் பாகங்களுக்கு எண் இட்டு, அவற்றின் பெயர்களை இலத்தீனிலும் ஜெர்மனியிலும் எழுதியிருந்தார். இன்று நாம் பாகங்களைக் குறிக்கும் படங்களுக்கு அந்நூல் ஒரு முன்னோடி.

ஆனால் தாளில் உள்ள படம் தானாகவே மனத்திற்குள் வந்துவிடாது. இதயத்தின் படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இடப்பக்கம் நம் தாளில் வலப்பக்கத்தில் இருக்கும். நம்மை நோக்கி ஒருவர் நிற்பதாக மனத்தில் கண்டவளுக்கு இதில் ஐயமே எழாது. பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தவளோ தேர்வு அறையில் திகைப்பாள்.

இனி நாமே ஒரு துளி இரத்தமாக மாறிவிடுவோம். காலிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை வழியே ஏறி வலது ஆரிக்கிளில் நுழைகிறோம். வலது வெண்ட்ரிக்கிள் நம்மை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே ஆக்சிஜனைப் பெற்று, நுரையீரல் சிரைகள் வழியே இடது ஆரிக்கிளுக்கும் இடது வெண்ட்ரிக்கிளுக்கும் வருகிறோம். அங்கிருந்து பெருந்தமனி வழியே உடல் முழுதும் செல்ல வேண்டும். அவ்வளவு தொலைவு தள்ள வேண்டியிருப்பதால்தான் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் மிகத் தடித்திருக்கிறது. காட்சியோடு காரணமும் கிடைத்துவிட்டதல்லவா?

அறிவியல் கூறுவது

1971-இல் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கனசதுரங்களை அடுக்கிய உருவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒரே உருவமா என்று கேட்டனர். ஓர் உருவம் மற்றதைவிட எவ்வளவு அதிகமாகத் திரும்பியிருந்ததோ, அவ்வளவுக்கு விடை கூற நேரமும் கூடியது. கையில் எடுத்துத் திருப்புவது போலவே மனத்திலும் திருப்புகிறோம் என்பது இதனால் விளங்கிற்று.

இத்திறமை நம் வீட்டு வாசலிலேயே உண்டு. கோலமிடும் பாட்டி புள்ளி வைக்கும்போதே முடிந்த கோலத்தை மனத்தில் கண்டுவிடுகிறார். கோலத்தின் அமைப்பில் உள்ள கணித விதிகளைப் பற்றி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து 1974-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

எச்சரிக்கை தேவை

மனக்காட்சி பிழையாகவும் அமையலாம். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் வடக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஆறுகள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்கே "இறங்கும்" என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். நைல் நதியோ தெற்கே உள்ள உயர்நிலங்களில் தோன்றி வடக்கே மத்தியதரைக் கடலில் கலக்கிறது.

வேதியியலறிஞர் கெக்குலே 1865-இல் பென்சீனின் வளைய அமைப்பை வெளியிட்டார். அரைத்தூக்கத்தில், தன் வாலைத் தானே கவ்விய பாம்பு ஒன்றைக் கண்டதாக 1890-இல் பெர்லினில் நடந்த விழாவில் அவர் கூறினார். ஆனால் கண்டதோடு அவர் நின்றுவிடவில்லை. எஞ்சிய இரவெல்லாம் விழித்திருந்து, அக்காட்சியிலிருந்து என்னென்ன பெறப்படும் என்று ஆராய்ந்தார். நாமும் கண்டதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

காட்சி தோன்றாதவர்கள்

என் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கண்ணை மூடினால் இருள் மட்டுமே தெரியும். "எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் தெரியவில்லை? நான் மக்கா?" என்று அவள் என்னிடம் கேட்டதுண்டு. அவள் மக்கு அல்லள். மனத்தில் காட்சியே தோன்றாதவர் சிலர் உண்டு என்பதை இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் 1880-லேயே எழுதியிருக்கிறார். 2015-இல் மருத்துவர் ஆடம் ஸெமன் குழுவினர் இதற்கு "அஃபான்டேசியா" எனப் பெயரிட்டனர். 1995-இல் "டாய் ஸ்டோரி" படத்தை உருவாக்கிய பிக்ஸார் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான எட் காட்மல், தமக்கும் இவ்வியல்பு உண்டென்று கூறியிருக்கிறார். உலகமே வியந்த அசையும் படங்களை உருவாக்க இது அவருக்குத் தடையாகவில்லை.

என் தோழி இதயத்தைத் தரையில் சாக்கட்டியால் பெரிதாக வரைந்து, இரத்தம் செல்லும் வழியில் தானே நடந்து பார்த்தாள். இன்று அப்பாடத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவளே. மனத்தில் வராத காட்சியைக் கையும் காலும் அமைத்துத் தரும்.

நாம் செய்ய வேண்டியவை

தோழியரே, ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். படித்ததை மனத்தில் காணுங்கள். அல்லது தாளில் வரையுங்கள். பின் புத்தகத்தைத் திறந்து பிழை திருத்துங்கள். பெற்றோரே, "சத்தமாகப் படி" என்று சொல்வதோடு, "நீ படித்தது எப்படி இருக்கும், எனக்குக் காட்டு" என்றும் கேளுங்கள். எங்கள் அன்பிற்குரிய சகோதரிகளே, ஆசிரியைகளே, கண்ணை மூடிக் காணச் சொல்லும்போது, ஒன்றும் தெரியவில்லை என்று தயங்கும் மாணவிக்கு ஒரு சாக்கட்டியைக் கொடுங்கள்.

இறைவன் தாலந்துகளைப் பலருக்குப் பலவிதமாகப் பகிர்ந்தளித்திருக்கிறார். அவற்றுள் எவளுடையதும் மண்ணில் புதைபடாமல் காப்பதே நல்ல பள்ளிக்கு அழகு.