ஒரே சஹனும் தனி இலையும்: தமிழ் முஸ்லிம் விருந்தோம்பலில் உணவு விலக்கு

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம் இல்ல விருந்துகளில் ஒரே தட்டைச் சுற்றிச் சிலராக அமர்ந்து உண்பது மரபு. அத்தட்டு சஹன் எனப்படும். அதே விருந்துக்கு வரும் முஸ்லிமல்லாத நண்பருக்குத் தனி இலையோ தனித் தட்டோ இடப்படுவதும் உண்டு. இவ்வேறுபாட்டைச் சமய விலக்கெனக் கொள்வது எளிது. ஆயின் அக்கொள்கைக்கு இசுலாமியச் சட்டம் இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திருக்குர்ஆன் 9:28 இணைவைப்போரை 'நஜஸ்' எனக் குறிக்கிறது. சுன்னி அறிஞருள் பெரும்பான்மையோர் இதனை நம்பிக்கை பற்றிய சொல்லாகவே கொண்டனர்; உடலின் தீட்டாகக் கொள்ளவில்லை. ஆகவே முஸ்லிமல்லாதார் அருந்தி எஞ்சிய நீரும் தூயதே. விலக்கு உண்ணும் பொருளைப் பற்றியது, உடனுண்பவரைப் பற்றியதன்று. வேதக்காரர்தம் கலங்களில் உண்ணலாமா என அபூ ஸஅலபா வினவியபோது, வேறு கலம் கிடைப்பின் அதனைக் கொள்ளவும், கிடையாவிடின் கழுவி உண்ணவும் நபிகள் பணித்ததாகப் புகாரி தொகுப்பு கூறும். பன்றி இறைச்சியும் மதுவும் அக்கலங்களில் புழங்கியமையே வினாவின் காரணம் என்பது அபூதாவூத் தொகுப்பின் பாடத்தால் விளங்குகிறது. கலத்தின் உரிமையாளர் எவர் என்பது அங்குச் சிக்கலே அன்று. மது பரிமாறும் பந்தியில் அமரலாகாது என்னும் விதி ஒன்றே பொருளைக் கடந்து அவையையும் தொடுகிறது.

அவ்வாறாயின் தனி இலை எதற்கு? விடை விருந்தினரின் பண்பாட்டில் உள்ளது. பலர் கையிட்ட உணவை எச்சில் எனக் கருதுவது தமிழரிடைப் பரவலான வழக்கு. சஹனில் அமர்வோர் அவ்வெண்ணத்தை விலக்கி வைக்கின்றனர். தத்தம் முன்னுள்ள பகுதியிலிருந்தே உண்ணவேண்டும் என்னும் நபிவழி ஒழுங்கும் அதற்குத் துணை செய்கிறது. அப்பழக்கம் இல்லாத நண்பரைக் கூச்சத்துக்கு ஆளாக்காமையே தனி இலையின் நோக்கம். அவரே விரும்பிச் சஹனில் அமர்ந்தால் தடுக்கும் விதி எதுவும் இல்லை. சாதிவழிப் பந்தி விலக்கோடு இதனை ஒப்பிடுவோர் இவ்விடத்தை நோக்கத் தவறுகின்றனர்: அங்கு இலையைப் பிரிப்பது பிறப்பு, இங்கு விருந்தினரின் விருப்பம். எனினும், விருப்பத்தைக் கேளாமலே தனி இலை இடும் இல்லங்களில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

முஸ்லிம் விருந்தினராகச் செல்லும்போது சிக்கல் வேறு. மரக்கறி விருந்தில் தடை குறைவு. இறைச்சி விருந்தாயின், முஸ்லிம் நண்பர் உண்ணும்பொருட்டு ஆட்டையோ கோழியையோ அறுக்க முஸ்லிம் ஒருவரை அழைக்கும் இந்துக் குடும்பங்கள் தமிழகச் சிற்றூர்களில் உள்ளன. பொங்கல், தீபாவளிப் பலகாரங்களில் படையலுக்கு முன்பே ஒரு பங்கை எடுத்து வைத்து முஸ்லிம் வீட்டுக்கு அனுப்புவோரும் உளர். தம் நூல் விதிக்காத ஒன்றை அண்டை வீட்டார் நூலின் பொருட்டுக் கைக்கொள்ளும் இவ்வொழுங்கு, விருந்தோம்பல் ஆய்வுகளில் இன்னும் உரிய இடம் பெறவேண்டியதாகும்.