ஃபர்ஸ்ட் குரூப்பும் வெண்டைக்காயும்

மேல்நிலைப் பள்ளியில் ‘குரூப்’ என்பது, தமிழோடும் ஆங்கிலத்தோடும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் படிக்கவேண்டிய நான்கு பாடங்களின் தொகுப்பு. 1978இல் தமிழ்நாட்டுக்கு பிளஸ் டூ வந்தபோது அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் இதுதான். நாளடைவில் வீடுகளில் அது தரவரிசையாகிவிட்டது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் உச்சியில். அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ். பிறகு கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ். அதற்கும் கீழே வணிகவியல். கடைசிப் படியில் தொழிற்கல்வி. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் விடியும் முன்பே ஓடத் தொடங்கும் படப்பையில், இந்த வரிசையோடு உள்ளூர் நம்பிக்கைகள் சிலவும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றில் சில பாதி உண்மை. சில, பிள்ளைகளின் இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடக்கூடியவை.

“கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகணும்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான்”

கலந்தாய்வு விதி அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. கட்-ஆஃப் மொத்தம் 200: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடம் கணினி அறிவியலா உயிரியலா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் கட்-ஆஃபில் கால் மதிப்பெண்கூட ஏறாது. உயிரியல் படித்த மாணவிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் இடம் அதே வரிசையில்தான் கிடைக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. கணிதத்தில் 80, இயற்பியலில் 90, வேதியியலில் 90 வாங்கினால் கட்-ஆஃப் 170. கணிதத்தில் 95, மற்ற இரண்டிலும் 80 வாங்கினால் 175. மூன்று பாடக் கூட்டுத்தொகையில் முதலாமவருக்கு 260, இரண்டாமவருக்கு 255. ஆனாலும் கலந்தாய்வில் முன்னே நிற்பவர் இரண்டாமவர்தான். பொறியியலை நோக்கிப் படிப்பவருக்குக் கணிதத்தில் ஏறும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டில் ஏறும் ஒரு மதிப்பெண்ணைப்போல் இரு மடங்கு. அட்டவணை போட்டு எல்லாப் பாடத்துக்கும் சம நேரம் ஒதுக்கும் வீடுகள் இதைக் கவனிப்பதில்லை.

கணினி அறிவியல் குரூப் வீண் என்று இதற்குப் பொருளில்லை. நிரல் எழுதுவது முன்பே பழகினால் கல்லூரியில் முதல் ஆண்டு எளிதாகும். ஆனால் உயிரியலை விட்டவருக்கு மருத்துவம், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் போன்ற கதவுகள் மூடிக்கொள்கின்றன. கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் கலந்தாய்வே இல்லை. எதை எடுப்பது என்று யோசிக்கும் வீடு, எதை விடுகிறோம் என்பதையும் எழுதிப் பார்ப்பது நல்லது. இரண்டையும் விட மனமில்லாமல் ஃபர்ஸ்ட் குரூப் எடுப்பவருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும், சுமையும் அதிகம். இன்ன துறை என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சுமை தேவையில்லை.

“பத்தாவது டோட்டல்தான் குரூப்பைச் சொல்லும்”

பல பள்ளிகள் மொத்த மதிப்பெண்ணை வைத்தே குரூப்பைப் பிரிக்கின்றன. அது பள்ளியின் நிர்வாக வசதி. ஐந்நூற்றுக்கு நானூறு வாங்கிய இருவரில் ஒருவருக்குக் கணிதம் 95ஆக இருக்கலாம், மற்றவருக்கு 58ஆக இருக்கலாம். இருவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் முதல் பருவத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். மொத்தத்தைவிட, எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமல் எடுத்துப் படிக்கிறார் என்பதும், அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணும் நம்பகமான வழிகாட்டிகள்.

“மார்க் குறைஞ்சவங்களுக்குத்தான் காமர்ஸ்”

சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஆக நினைப்பவர் பிளஸ் டூ முடித்தவுடன் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். அதில் கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியலோடு கணிதம், புள்ளியியல், தர்க்கம் அடங்கிய தாளும் உண்டு. கணக்குக்குப் பயந்து காமர்ஸ் எடுத்தவர் அங்கே மறுபடி கணக்கையே சந்திக்கிறார். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு ஏதாவது பட்டம் போதும். பிளஸ் டூவில் என்ன படித்தார் என்று யாரும் கேட்பதில்லை.

“எதிர்ல கம்பெனி இருக்கு, அதுக்கேத்த படிப்பு படிச்சா வேலை நிச்சயம்”

படப்பைப் பகுதிக்கே உரிய நம்பிக்கை இது. காரணமில்லாமலும் வரவில்லை. 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை, 2012இல் டைம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. விளைநிலமாக இருந்த இடத்தில் சம்பளம் வருவதைப் பார்த்த ஊர், அந்தக் கதவை நோக்கிப் பிள்ளைகளை நிற்கவைப்பது இயல்பு.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் கதையையும் இதே பகுதிதான் பார்த்தது. 2006இல் உற்பத்தி தொடங்கி, உலகின் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்து, 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. ஆலை திறந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ஆலை மூடியபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தது. குரூப் எடுக்கும் வயதே இன்னும் வரவில்லை. பின்னால் அதே வளாகத்தைச் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்கி, வேலை திரும்பியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. எதிரில் இருக்கும் கேட்டின் ஆயுளும் பிள்ளையின் படிப்புக்காலமும் ஒன்றாக ஓடும் என்று யாராலும் உறுதி தரமுடியாது.

இதன் தலைகீழ் வடிவமும் சுற்றிக்கொண்டிருக்கிறது: “மெக்கானிக்கல் செத்துப்போச்சு.” அதுவும் அவசரத் தீர்ப்பே. கார் ஆலையின் வெல்டிங் பிரிவில் ரோபோ நிற்கிறது. அதைப் பழுதுபார்ப்பவருக்கு இயந்திரமும் மின்னணுவும் நிரலும் சேர்ந்தே தெரிய வேண்டியிருக்கிறது. பெயர்ப்பலகையில் எந்தக் கிளை இருந்தாலும் கணிதமும் இயற்பியலும் உறுதியாக இருப்பவர் இன்னொன்றுக்கு மாறிக்கொள்வது எளிது.

“ஐ.டி.ஐ., டிப்ளமோ எல்லாம் படிப்பு ஏறாதவங்களுக்கு”

ஆலைக்குள் நுழைந்து பார்த்தவர்கள் இப்படிச் சொல்வதில்லை. அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் துணையோடு புதுப்பிக்கும் திட்டத்தில் 2023இல் ஒரகடம் ஐ.டி.ஐ.யில் தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. பாதை அங்கே முடிவதுமில்லை. ஐ.டி.ஐ. முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2024இல் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப்புதல்வன் திட்டம் இரண்டும் பட்டப்படிப்புக்கு மட்டுமின்றி டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். இது சுற்றுவழி என்பது உண்மை. ஆனால் கையில் தொழிலோடு நடக்கும் சுற்றுவழி.

“பிளஸ் ஒன் பாடத்தை ஒப்பேத்திட்டு, பிளஸ் டூவை ரெண்டு வருஷம் படிக்கலாம்”

நம்பிக்கைகளில் மிகவும் கெடுதலானது இதுதான். ஒரு காலத்தில் பல பள்ளிகளே இதை உத்தியாகக் கொண்டிருந்தன. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வந்துவிடும். அதைத் தடுக்கவே 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் அழுத்தம் குறைந்தது நல்லதுதான். பழைய ஆசைக்கு மறுபடி வழி திறந்துவிட்டது என்பதும் உண்மை.

பாடநூலைப் புரட்டினாலே இந்த உத்தியின் ஓட்டை தெரியும். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலில் எல்லைகள், வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் முறைகள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கின்றன. பன்னிரண்டில் வருவன அவற்றின் பயன்பாடுகள். முறையைக் கற்காமல் பயன்பாட்டுக் கணக்கைப் போடுவதென்றால் விடையை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. வேதியியலில் மோல் கணக்கும், இயற்பியலில் நியூட்டன் விதிகளும் வெப்ப இயக்கவியலும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களே. நீட், ஜே.இ.இ. இரண்டும் இரு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கின்றன. பிளஸ் ஒன்னைத் தாண்டி ஓடியவர், பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரலில் தாம்பரத்துக்குப் பஸ் ஏறிக் கோச்சிங்கில் உட்கார்ந்து அதையே முதன்முறையாகப் படிக்கிறார்.

“நாலு முறை படிச்சா மனசுல நிக்கும்”

நிற்பதுபோல் தோன்றும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை ஒரு குழு இருமுறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வரிசை தலைகீழானது. இருமுறை படித்தவர்கள் 42 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஐந்து நிமிடக் கணக்குதான் மாணவரை ஏமாற்றுகிறது. மறுபடி படிக்கும்போது வரிகள் பழகிய முகம்போல் தெரிகின்றன. தெரிந்த முகத்தை, தெரிந்த பாடம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் ஹைலைட்டரால் அரைப்பக்கத்தை நிரப்புவதும் அப்படித்தான். ஆசிரியர் அறிவிக்காமல் வைக்கும் ஸ்லிப் டெஸ்டைப் பிள்ளைகள் சபிப்பார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடம் பல மணி நேர வாசிப்பைவிட வேலை செய்கிறது. புத்தகத்தை மூடி, ரஃப் நோட்டில் எழுதி, திறந்து சரிபார்த்து, மூன்று நாள் கழித்து மறுபடி எழுதிப் பார்ப்பதற்குப் பணச் செலவு இல்லை.

நம் திண்ணைப் பள்ளிகளுக்கு இது புதிதுமல்ல. மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளிடம் உபாத்தியாயர் பூ, மிருகம் என்று சில பெயர்களைச் சொல்லியனுப்பி மறுநாள் காலை கேட்கும் வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் பதிந்திருக்கிறார். ஒரு இரவு கடந்தபின் நினைவைத் தோண்டியெடுக்கும் பயிற்சி அது. மனப்பாடம் என்றாலே கேவலம் என்று இப்போது சொல்லப்படுவதும் அரைகுறைப் பேச்சுதான். வாய்ப்பாடும் சூத்திரமும் நாக்கில் இல்லாதவர் கணக்கின் நடுவே அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார். பொருள் தெரியாமல் ஒப்பிப்பதுதான் குறை.

“ஒரே மாதிரி கணக்கை அடுத்தடுத்துப் போட்டாத்தான் பிடிபடும்”

ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், திண்மங்களின் கனஅளவுக் கணக்குகளை ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் போட்டது, மற்றொரு குழு கலந்துபோட்டது. பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்துபோட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதம், கலந்தவர்கள் 63. காரணம் எளிது. பயிற்சி 5.2 என்ற தலைப்பின் கீழ் இருக்கும் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது.

“விடியக்காலை நாலு மணிக்குப் படிச்சாத்தான் ஏறும்”

அமைதியான நேரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பதின்பருவத்தில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. சீக்கிரம் தூக்கம் வருவதில்லை. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து அப்பா நள்ளிரவில் வந்திறங்கும் வீட்டில் விளக்கணைவதும் தாமதம். பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் தூக்கம் நாலரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. பகலில் படித்தது நினைவில் உறைவது பெரும்பாலும் தூக்கத்தில்தான். அதை வெட்டி எடுத்த நேரம் லாபக் கணக்கில் சேராது. எட்டு மணிக்கே படுக்க முடிந்த பிள்ளைக்கு நாலு மணி பொருந்தலாம்.

“வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு வரும்”

வெண்டைக்காயில் நார்ச்சத்தும் ஃபோலேட்டும் உண்டு, கணக்கு இல்லை. பிள்ளைகளைக் காய் சாப்பிடவைக்க எந்தப் பாட்டியோ கண்டுபிடித்த உபாயமாக இருந்தால், அந்த வகையில் வெற்றிதான். இதே வரிசையில் நகர்ப்புறத்துப் புது நம்பிக்கை ஒன்று: சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர், அந்தப் பாணியில் சொல்லிக்கொடுத்தால்தான் ஏறும் என்பது. 2008இல் பாஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசி, இதற்குப் போதிய சான்று இல்லை என்று காட்டினார்கள். வெண்டைக்காயாவது பொரியலுக்கு ஆகும்.

“தமிழ் மீடியம்னா பெரிய படிப்பு முடியாது”

நீட் தேர்வையும் ஜே.இ.இ. மெயின் தேர்வையும் தமிழில் எழுதலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு மட்டும் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான் நடக்கிறது. அதைக் குறிவைக்கும் தமிழ்வழி மாணவர் பிளஸ் ஒன்னிலிருந்தே கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகவேண்டும். இன்னொரு பக்கம், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசு வேலைகளின் நேரடி நியமனத்தில் 20 சதவீதம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. அந்த வேலைக்குக் கேட்கப்படும் தகுதிப் படிப்பு வரை முழுவதையும் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அந்த இடம் கிடைக்கும். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறுபவர், பிளஸ் டூவோ பட்டமோ தகுதியாகக் கேட்கும் வேலைகளில் இந்த ஒதுக்கீட்டை இழக்கிறார். பத்தாம் வகுப்பே தகுதியான வேலைகளில் இழப்பதில்லை.