அழைப்பு வந்தால் அன்றைக்கே

திருவனந்தபுரம் மாவட்டம் காரக்கோணத்தில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் சாமர்வெல்லின் பெயர். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய அறுவை மருத்துவர் அவர். மலையிலிருந்து இறங்கியவர், ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, அன்றைய தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே குவிந்து கிடந்த நோயாளிக் கூட்டம்தான் அவருக்கு அழைப்பானது. லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய பதவியை விட்டுவிட்டு 1923-இல் நெய்யூர் வந்து சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார்.

தேவன் பெரும்பாலும் கண்ணெதிரே ஒரு தேவையைக் காட்டித்தான் கூப்பிடுகிறார். இதை நான் தெரிந்துகொண்டது, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்து ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தில். சபையில் தெரிந்த ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். நர்ஸ் மலையாளத்தில் சொன்னது புரியாமல் நின்ற திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் சீட்டை நீட்டி, "யய்யா, இத எங்க கொண்டு குடுக்கணும்?" என்றார். கூடவே போனேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்துக் கடை என்று மதியம் தாண்டிவிட்டது. அதன்பின் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அங்கே போய் நிற்கிறேன்.

இந்த ஊழியத்தில் நான் கற்றவை:

கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள். சாமர்வெல்லிடம் அறுவைக் கத்தி இருந்தது. என்னிடம் இரண்டு மொழி இருக்கிறது. இல்லாத வரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

"ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால், என்றைக்குச் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாள் குறிக்காவிட்டால், நம் சபைகளில் அதற்கு "முடியாது" என்றே பொருள்.

உடனே கீழ்ப்படிவது வேறு, அவசரப்படுவது வேறு. சாமர்வெல் ஊருக்குப் போய், மிஷன் சங்கத்தின் வழியாக முறைப்படிதான் வந்தார். வேலையை விடும் அளவுக்குப் பெரிய முடிவென்றால் வீட்டாரோடும் போதகரோடும் பேசுங்கள். ஆனால் அந்தப் பேச்சை இன்றைக்கே தொடங்குங்கள்.

அழைப்புக்குச் செவிகொடுத்தால் பிடித்ததையெல்லாம் இழக்க நேரும் என்று பயப்படாதீர்கள். நெய்யூருக்கு வந்தபின்தான், 1924-இல் சாமர்வெல் மறுபடியும் எவரெஸ்ட் ஏறப் போனார்.

ஜெபத்தில் ஒருவருடைய முகம் திரும்பத் திரும்ப வருகிறதா? பெயரை ஜெபக் குறிப்பில் எழுதியதோடு விடாதீர்கள், போன் போட்டு, "என்ன வேணும்?" என்று கேட்டுவிடுங்கள்.